கம்பஸுக்கு லப்டொப்பா டெஸ்க்டொப்பா: "அரை மணித்தியாலம் நிக்கும்" என்றவருக்கு

ஹட்டன்_பையன் (இரவு 8.40)

நேத்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, மகன் மொரட்டுவைக்கு இன்ஜினியரிங் செலக்ட் ஆகியிருக்கான், லப்டொப் வாங்குறதா டெஸ்க்டொப் வாங்குறதான்னு. அதுக்கு மரீன்டிரைவ்_மாமா குடுத்த பதில் இது, அப்படியே போடுறேன்:

"லப்டொப் வாங்குறது காசைக் கடலில கொட்டுற வேலை. டெஸ்க்டொப் வாங்குங்கோ. கரண்ட் போகுமெண்டு பயப்பிடத் தேவையில்லை, ஒரு 650 யூபீஎஸ், அதுதான் கரண்ட் போனால் பட்டரியில ஓட்டுற சாமான், போட்டால் அரை மணித்தியாலம் நிக்கும். விசயம் முடிஞ்சுது."

விசயம் முடியலைங்க. நான் கம்பஸ் பக்கத்துல, கட்டுபெத்தையில போர்டிங். ஒரு அறையில மூணு பேரு, சுவத்துல ஒரு பிளக், அதுல ரைஸ் குக்கர். மாமா சொல்ற பெட்டியை எங்க வைக்கிறது? கட்டிலுக்கு மேலயா?

நானும் முதல் வருஷம் சீனியர் ஒருத்தர்கிட்ட டெஸ்க்டொப் வாங்குனவன்தான். போர்டிங் மாறும்போது மொனிட்டரைப் பெட்சீட்ல சுத்தி, த்ரீவீல்ல மடியில வச்சிக்கிட்டுப் போனேன். ஒரு பள்ளத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. அன்னையில இருந்து ஸ்கிரீன் இடது பக்கம் மேலயிருந்து கீழ வரைக்கும் ஒரு பச்சைக் கோடு. ஒரு வருஷம் அந்தக் கோட்டோடதான் ஆட்டோகேட் கீறினேன். லெக்சரர் பின்னால வந்து நின்னு, "இந்த லைன் எதுக்கு?"ன்னு கேட்டாரு.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 8.52)

தம்பி, பேர் சொல்லிக் கூப்பிட்டபடியால் வந்தன்.

நான் முதல் கொம்பியூட்டர் வாங்கினது 1994 இல. 486, 66 மெகாஹேர்ட்ஸ், 8 எம்பி ராம். நீங்கள் அப்ப பிறக்கவேயில்லை. அண்டையிலிருந்து இண்டுவரை என்ர வீட்டில டெஸ்க்டொப்தான்.

ஏனெண்டு கேளுங்கோ. கடைக்காரன் லப்டொப்பில "ஆர்டிஎக்ஸ் 4070" எண்டு கிராபிக்ஸ் கார்ட் பேரை ஸ்டிக்கரா ஒட்டி வைச்சிருப்பான். டெஸ்க்டொப் 4070 இல 12 ஜிபி மெமரி. லப்டொப் 4070 இல 8 ஜிபி. உள்ளுக்க கிடக்கிற சிப்பே வேற. பேர் மட்டும்தான் ஒண்டு. அண்ணன்ர சேட்டைத் தம்பி போட்டால் தம்பி அண்ணன் ஆகிடுவானோ? பிறகு, டெஸ்க்டொப்பில பவர் சப்ளை போனால் பவர் சப்ளையை மாத்தலாம். இப்பத்தைய மெல்லிசு லப்டொப்புகள் கனக்கவில ராமை மதர்போர்டோடயே சோல்டர் பண்ணி விடுறாங்கள். போனால் முழுசும் போச்சு.

கரண்டைப் பற்றி: அரை மணித்தியாலம் எண்டு சொன்னன். சொன்னது சொன்னதுதான்.

சோல்டர்_கை (இரவு 9.05)

மாமா, நான் பம்பலப்பிட்டியில ரிப்பேர் வேலை, பதினோரு வருஷம். நீங்க சொன்ன மத்தது எல்லாம் சரி. அந்த அரை மணித்தியாலம் மட்டும் எங்க இருந்து வந்துச்சு?

650 யூபீஎஸ்ஸைத் திறந்தா உள்ள இருக்கிறது ஒரே ஒரு பட்டரி, 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர். பெருக்கிப் பாருங்க, 84 வோட் ஹவர். அதுவும் மெதுவா உறிஞ்சினாத்தான். ஈய பட்டரியை ஒரேயடியா இழுத்தா பாதிதான் தரும். கரண்டா மாத்துறதுல இன்னும் கொஞ்சம் போகும். கையில மிஞ்சுறது 35 வோட் ஹவர்னு வைங்க. டெஸ்க்டொப் பெட்டியும் மொனிட்டரும் சேர்த்து 150 வோட் இழுத்தா 14 நிமிஷம். அதுவும் புதுப் பட்டரிக்கு. கிராபிக்ஸ் கார்ட் போட்டு ரெண்டர், அதாவது மொடலைப் படமாக்குற வேலை, ஓடினா ஷட்டவுன் பண்ணத்தான் நேரம் இருக்கும்.

அரை மணித்தியாலம் நிக்கணும்னா 70 வோட்டுக்கு மேல இழுக்கக் கூடாது. 70 வோட் இழுக்கிற சாமானுக்குப் பேர் லப்டொப்.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 9.11)

கணக்கு எழுதிக் காட்டினால் பட்டரிக்கு விளங்குமோ? நான் கண்ணால கண்டனான். அரை மணித்தியாலம்.

தெமட்டகொட_தாத்தா (இரவு 9.20)

மாமா சொல்றதுல உண்மையும் ஈக்குது. நான் மொரட்டுவையில ஆர்க்கிடெக்சர் முடிச்ச ஆள். ரெண்டாம் வருஷம் லப்டொப்புல ஒரு வீட்டை மொடல் பண்ணி ரெண்டர் போட்டுட்டுப் படுத்தேன். ஃபேன் சத்தம் உம்மாட ரூம் வரைக்கும் கேட்டிச்சு. கீழ காத்துப் போகணும்னு மட்டை முட்டைத் தட்டு ஒண்டக் கவுத்து வெச்சு, அதுக்கு மேலதான் லப்டொப். சுபஹுக்கு எழும்பிப் பாத்தா 62 வீதம். சூடு ஏற ஏற அது தானாவே வேகத்தக் கொறச்சிக்கிட்டே போயிருக்கு. கீபோட்ல கை வெக்க ஏலாது.

அதுக்குப் பிறகு வாப்பா ஒரு டெஸ்க்டொப் எடுத்துத் தந்தாரு. அதே ரெண்டர் ராச்சாப்பாடு முடியிறதுக்குள்ள வந்திட்டு. ஆனா ஜூரிக்கு, அதான் டிசைனக் காட்டி விளக்குற நாளுக்கு, லப்டொப்பத்தான் தூக்கிட்டுப் போனேன். அதனால, எந்தப் படிப்பு, எங்க தங்குறது எண்டு தெரியாம ரெண்டுல ஒண்டச் சொல்ல ஏலாது.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 9.24)

பாருங்கோ! வயசான மனிசன், அனுபவப்பட்டவர், அவரே டெஸ்க்டொப் எண்டு சொல்லுறார். நன்றி ஐயா.

தெமட்டகொட_தாத்தா (இரவு 9.26)

ஐயா இல்ல. எங்கட பக்கம் தாத்தா எண்டா மூத்த சகோதரி. எனக்கு வயசு 29. நான் டெஸ்க்டொப் எண்டும் சொல்லல்ல, ரெண்டும் எண்டு சொன்னேன்.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 9.29)

பேரைத் தெளிவா வைச்சால் இந்தக் குழப்பம் வராது தங்கச்சி. எப்பிடியோ, ரெண்டர் டெஸ்க்டொப்பிலதானே வந்தது.

37ம்_ஒழுங்கை (இரவு 9.33)

மாமா இண்டைக்கு நல்ல மூடில இருக்கிறார் போல. போன வருசம் எனக்கும் இப்பிடித்தான் சொன்னவர். "கந்தோர்களில கழிச்ச டெஸ்க்டொப் மலிவா வரும், எடும், பத்து வருசம் பாவிக்கலாம்." எடுத்தன். 55,000. உள்ளுக்க ஆறாம் தலைமுறை இன்டெல் சிபியூ. 2025 ஒக்டோபர் 14 ஓட வின்டோஸ் 10 க்கு அப்டேட் நிண்டது. வின்டோஸ் 11 போடப் போனால், எட்டாம் தலைமுறைக்குக் கீழ எடுக்க மாட்டன் எண்டுது. பத்து வருசம் இல்லை, பத்து மாசம்.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 9.37)

நான் எட்டாம் தலைமுறை எண்டுதான் சொன்னனான்.

37ம்_ஒழுங்கை (இரவு 9.38)

சொல்லேல்லை.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 9.41)

சொன்னனான். நீர்தான் பத்தாயிரம் குறைய எண்டு ஓடிப்போய் ஆறாம் தலைமுறையை எடுத்தனீர். இப்பவும் ஒண்டும் கெட்டுப் போகேல்லை, லினக்ஸைப் போடும்.

37ம்_ஒழுங்கை (இரவு 9.43)

மனிசி அக்கவுன்ட்ஸ் செய்யிற மெசின் அது. லினக்ஸைப் போட்டுட்டு நான் எங்க படுக்கிறது?

தூயதமிழ்_கொழும்பு13 (இரவு 9.50)

நீண்ட நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். லப்டொப், டெஸ்க்டொப், யூபீஎஸ்! இவற்றுக்குத் தமிழில் பெயர் இல்லையா? மடிக்கணினி. மேசைக்கணினி. தடையில்லா மின்வழங்கி. நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்லிக் கொடுக்காவிட்டால் யார் சொல்லிக் கொடுப்பது?

சோல்டர்_கை (இரவு 9.52)

சரிங்க. மாமாட தடையில்லா மின்வழங்கி எத்தனை நிமிஷத்துல தடைபடும்?

மரீன்டிரைவ்_மாமா (இரவு 9.53)

அரை மணித்தியாலம்.

ஹட்டன்_பையன் (இரவு 10.02)

காசு கணக்குக்கு வாங்க மாமா. மகாபொல ஸ்கொலர்ஷிப் மாசம் 5000 ஆ இருந்தது, 2025 பட்ஜெட்ல 7500 ஆக்குனாங்க. ரெண்டு லட்சத்துக்கு ஒரு சாமான் வாங்குனா, சாப்பாடு, பஸ் எதுவும் இல்லாம 27 மாசத்து மகாபொல. ரெண்டும் வாங்குற வசதி எங்களுக்கு இல்லை. ஒன்னுதான் வாங்க முடியும்னா, கையில எடுத்துக்கிட்டுப் போறதைத்தான் வாங்கணும். குரூப் ப்ரொஜெக்ட்ல நாலு பேரும் கென்டீன்ல உக்காந்து வேலை செய்யும்போது, "என் பங்கு போர்டிங்ல இருக்கு, எல்லாரும் வாங்க"ன்னு சொல்ல முடியுமா?

ஸ்டடி லீவுக்கு பதுளை ரயில்ல ஏறி ஹட்டன் போவேன். டெஸ்க்டொப் ரயில்ல வருமா?

மரீன்டிரைவ்_மாமா (இரவு 10.06)

பென்டிரைவ் எண்டு ஒரு சாமான் இருக்கு தம்பி. ஆயிரத்துச் சொச்சம்.

ஹட்டன்_பையன் (இரவு 10.08)

சொலிட்வேர்க்ஸ்னு டிசைன் சொஃப்ட்வெயார், அந்த ஃபைலைப் பென்டிரைவ்ல போட்டுக் கொண்டுபோய் ஹட்டன்ல எதுல திறக்குறது? ரைஸ் குக்கர்லயா?

மரீன்டிரைவ்_மாமா (இரவு 10.15)

நீங்கள் எல்லாரும் லப்டொப்பைத் தெய்வம் மாதிரித் தூக்கிறியள். 101 பஸ்ஸில வெள்ளவத்தையில ஏறிப் பாருங்கோ, காலமை ஏழு மணிக்கு. முன்னுக்குப் பை, பின்னுக்குப் பை, கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யண்ட", முன்னுக்குப் போ எண்டு முதுகில தள்ளுவான். மழையெண்டால் சட்டருக்குள்ளால தண்ணி. ரெண்டு லட்சத்தை நெஞ்சில கட்டிக்கொண்டு அதுக்குள்ள நிக்கவேணுமோ? என்ர டெஸ்க்டொப் மேசையில இருக்கு, பேசாமல். பஸ்ஸில மிதிபடாது. களவு போகாது. கரண்ட் போனால் அரை மணித்தியாலம்.

சோல்டர்_கை (இரவு 10.19)

14 நிமிஷம்.

2022 மார்ச் 31 ஞாபகம் இருக்கா? 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுனாங்க. உங்க அரை மணித்தியாலத்தையே வச்சிக்குவோம். மிச்சம் பன்னிரண்டரை மணித்தியாலம் என்ன செஞ்சீங்க?

மரீன்டிரைவ்_மாமா (இரவு 10.22)

உங்கட லப்டொப் பதின்மூண்டு மணித்தியாலம் நிண்டதோ? நாலு மணித்தியாலம் நிண்டிருக்கும். அதுவும் ரவுட்டர் செத்துப் போய், நெட் இல்லாமல் சொலிட்டெயார் விளையாடியிருப்பியள். 2025 பெப்ரவரி 9, பாணந்துறை சப்ஸ்டேசனில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்ட நாள், ஞாயிற்றுக்கிழமை. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில மூண்டு யூனிட்டும் நிண்டது. அண்டைக்கு நான் டெஸ்க்டொப்பில ஒரு கடிதம் எழுதி, பிரிண்ட் எடுத்து, ஆறுதலா ஷட்டவுன் பண்ணினனான்.

37ம்_ஒழுங்கை (இரவு 10.24)

மாமா, உங்கட பிளட்டில ஜெனரேட்டர் இருக்கெல்லோ?

மரீன்டிரைவ்_மாமா (இரவு 10.30)

அது லிஃப்டுக்கும் கொரிடோர் லைட்டுக்கும்.

37ம்_ஒழுங்கை (இரவு 10.31)

போன தீபாவளிக்கு உங்கட வீட்டை வந்தனான். கரண்ட் போய் ஒரு நிமிசத்தில ஃபேன் சுத்தினது. கொரிடோரில ஃபேன் இல்லை.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 10.34)

வீட்டுக்கு வந்து பலகாரம் திண்டிட்டு ஃபேனை எண்ணிக்கொண்டு போற பழக்கம் எங்கட பக்கத்தில இல்லை.

தெமட்டகொட_தாத்தா (இரவு 10.36)

யா அல்லாஹ்.

புதுக்கம்பஸ்_அம்மா (இரவு 10.45)

வணக்கம், நேற்றுக் கேட்டது நான்தான். இவ்வளவு பேர் எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை, நன்றி. கையில இருக்கிறது 2 லட்சம். மகன் வீட்டிலயிருந்து போய் வருவானோ, போர்டிங் எடுப்பானோ தெரியாது. எந்தத் துறை கிடைக்கும் எண்டும் முதல் செமஸ்டருக்குப் பிறகுதான் தெரியுமாம். கொம்பியூட்டர் சயன்ஸ் எண்டால் ஒரு மாதிரி, சிவில் எண்டால் ஒரு மாதிரி எண்டு அவன்ர கூட்டாளி சொல்லுறான். இப்ப என்ன செய்ய?

தெமட்டகொட_தாத்தா (இரவு 10.49)

அன்டி, அவசரப்பட்டு டெஸ்க்டொப் எடுக்காதீங்க, அவசரப்பட்டு விலை கூடின கேமிங் லப்டொப்பும் எடுக்காதீங்க. கிட்டத்தட்ட ஒண்டரைக் கிலோ பாரம், 16 ஜிபி ராம், ராம் மாத்தக்கூடிய மொடலா பாருங்க. 2025 கடைசியில இருந்து ராம் விலை ஏறித்தான் ஈக்குது, பிறகு கூட்டுவம் எண்டு 8 ஜிபியோட எடுத்தா கை கடிக்கும். சிபியூ நம்பர் கடைசியில யூ எண்டு ஈந்தா கரண்ட் கொறய எடுக்கிற சாதி, எச் எண்டு ஈந்தா வேகம், ஆனா சூடும் கூட. மக்புக் எண்டு யாராச்சும் சொன்னா யோசிங்க, சொலிட்வேர்க்ஸ் வின்டோஸுக்கு மட்டும்தான் வார. துறை தெரிஞ்ச பொறகு தேவை எண்டா…

மரீன்டிரைவ்_மாமா (இரவு 10.51)

துறை என்னவெண்டாலும் டெஸ்க்டொப். தங்கச்சி, 2 லட்சத்துக்கு நான் லிஸ்ட் எழுதித் தாறன், யூபீஎஸ்ஸோட சேர்த்து.

சோல்டர்_கை (இரவு 10.55)

லிஸ்ட்ல எந்த யூபீஎஸ் மாமா? அந்த 14 நிமிஷ யூபீஎஸ்ஸா?

அம்மா, ரெண்டு பக்கமும் சொல்றேன், ரெண்டுமே என் மேசைக்கு வருது. லப்டொப் வரும்: பட்டரி வீங்கி டச்பேட் மேல எழும்பி, மூடி மூடாம, புள்ளை அதுக்கு மேல புக் அடுக்கி வச்சு அமுக்கியிருக்கும். அது பொங்கின சோறு இல்ல, அமுக்கக் கூடாது. டெஸ்க்டொப் வரும்: போன கிழமை ஒன்னு, பவர் சப்ளைக்குள்ள பல்லி, குறுக்கால ஒட்டி, வாலை மட்டும் வெளிய விட்டுக்கிட்டு. கடல் பக்கத்து வீடுகள்ல இருந்து வர்றது எனக்குத் திறந்த உடனே தெரியும். யூஎஸ்பி ஓட்டை ஓரமா பச்சை, ஹீட்சிங்க்ல வெள்ளையாப் பூத்திருக்கும். பெரிய ஃபேன் இழுக்கிற காத்து கூட, உப்பும் கூட.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 10.58)

கடல் பக்கத்து வீடு எண்டு ஆரைச் சொல்லுறீர்?

சோல்டர்_கை (இரவு 10.59)

பொதுவாச் சொன்னேன்.

மரீன்டிரைவ்_மாமா (இரவு 11.08)

பொதுவா இல்லை. 2001 இல இருந்து கடற்காத்துக்குள்ள இருக்கிறன். என்ர மெசினைக் கிழமைக்கு ஒருக்கால் திறந்து பிரஷ் பண்ணுறனான். வெள்ளையும் இல்லை பச்சையும் இல்லை. லப்டொப்பைக் கிழமைக்கொருக்கால் திறப்பீரோ? திறந்தால் பிறகு பூட்ட ஏலுமோ? திறந்து பூட்ட ஏலாத சாமானை ரெண்டு லட்சத்துக்கு வாங்கச் சொல்லுற உங்களுக்கு ரிப்பேர் வருமானம், அதுதான் விசயம். நாலு இடத்தில சொல்லி லப்டொப் வாங்க வைச்சால்தானே நாளைக்குப் பட்டரி வீங்கி உம்மட மேசைக்கு வரும். இதை நான் சொல்லக்கூடாது எண்டுதான் இருந்தனான்.

சோல்டர்_கை (இரவு 11.10)

அப்ப யூபீஎஸ் பட்டரி மாத்த யார்கிட்ட போறீங்க?

மரீன்டிரைவ்_மாமா (இரவு 11.14)

சரி. இவ்வளவு கதைச்ச பிறகு ஒண்டு செய்யிறன். இப்ப இரவு. பிளக்கைக் கழட்டிப் போட்டு மணிக்கூட்டை வைச்சுப் பாக்கிறன். ஜெனரேட்டரும் இல்லை, குரங்கும் இல்லை. விடியப் பதில் போடுறன். எல்லாரும் வாயை மூடவேணும்.

தூயதமிழ்_கொழும்பு13 (இரவு 11.20)

ஜெனரேட்டர் அன்று, மின்பிறப்பாக்கி.

மரீன்டிரைவ்_மாமா (காலை 7.05)

செய்து முடிச்சிட்டன். 22 நிமிசம்.

பட்டரி மூண்டு வருசம் பழசு. புதுப் பட்டரியெண்டால் அரை மணித்தியாலம் தாராளமா வரும். நான் சொன்னது சரி. நன்றி வணக்கம்.

ஹட்டன்_பையன் (காலை 7.20)

22 எப்போ 30 ஆச்சு மாமா? எங்க இஸ்கோல்ல கூட அந்த மாதிரி மார்க்ஸ் போட மாட்டாங்க.

சோல்டர்_கை (காலை 7.31)

மூணு வருஷத்துப் பட்டரில 22 நிமிஷமா? எனக்கு நம்பவே ஏலாம இருக்கு. மொனிட்டர் ஓன்ல இருந்துச்சா?

மரீன்டிரைவ்_மாமா (காலை 7.40)

ஹட்டன் தம்பிக்கு: மார்க்ஸைப் பற்றி எனக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, என்ர ரெண்டு பிள்ளையளும் டெஸ்க்டொப்பில படிச்சு வெளிய வந்தவை. அந்த அம்மாவுக்கு: லிஸ்ட் எழுதி வைச்சிருக்கிறன், எப்ப வேணுமெண்டாலும் கேளுங்கோ.

சோல்டர்_கை (காலை 7.42)

மொனிட்டர் ஓன்ல இருந்துச்சா மாமா?

37ம்_ஒழுங்கை (காலை 7.55)

அந்த லிஸ்டில ஆறாம் தலைமுறை இருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ தங்கச்சி.

மரீன்டிரைவ்_மாமா (காலை 8.03)

எட்டாம் தலைமுறை எண்டுதான் அண்டைக்கும் சொன்னனான், இண்டைக்கும் சொல்லுறன்.

சோல்டர்_கை (காலை 8.04)

மொனிட்டர்?

மரீன்டிரைவ்_மாமா (காலை 8.20)

மொனிட்டரைப் பற்றி நான் மேல எழுதியிருக்கிறன். போய்ப் பாரும்.

சோல்டர்_கை (காலை 8.26)

பாத்துட்டேன் மாமா. எங்கயும் இல்லை.

மரீன்டிரைவ்_மாமா (காலை 8.27)

வடிவாப் பாரும்.